இடது காது மாமன்

வண்டி விக்கற விளம்பரத்துல "ஸ்பீடு பிரேக்கர் இல்லாத ஊர்க்காரங்க மட்டும் கூப்பிடவும்"னு போட்டிருந்துச்சுங்களா? அதை நான் எழுதலீங்க தம்பி. என்ற சம்சாரம் எழுதுனது. சுகந்தி. அவளுக்கு என்ற வண்டின்னா எப்பவுமே நக்கல்தான். அதைப் படிச்சுப்போட்டும் நீங்க வந்திருக்கீங்கன்னா வண்டி அருமை தெரிஞ்ச ஆளுன்னு அர்த்தம். வாங்க, உட்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அதுல பழைய ஏர் பில்டர் இருக்குது. இப்படி வாங்க.

மணி ஆறரைதானுங்க ஆச்சு? அப்ப அரை மணி நேரம் இருக்குது. ஏழு மணிக்கு நான் கிளம்பணும். இன்னைக்கு என்ற தங்கச்சி ரேணுகாவோட சின்னவனுக்குக் காது குத்து. காங்கேயத்துக்குத் தெக்கால, அவிங்க குலதெய்வம் கோயில்ல. ஒம்பது மணிக்கு முகூர்த்தம். நான் தாய்மாமன். என்ற மடியில உட்கார வெச்சுத்தான் மொட்டை அடிக்கணும், காது குத்தணும். நான் போகாம அங்க ஒன்னும் நடக்காது. நடக்காதுன்னுதான் மூணு வருசம் முந்தியும் நெனச்சிட்டிருந்தேன். அதைத்தான் சொல்ல வர்றேன்.

வண்டிக்கு வேகம் ஏத்தக் காசு போட்டதுக்குப் பிரயோசனம் உண்டான்னுதானுங்க கேட்டீங்க? உண்டுங்க. அதுல சந்தேகமே வேண்டாம். நான் லேத்துப் பட்டறைக்காரன். சிங்காநல்லூர்ல பம்பு செட்டுக்குச் சாமான் கடைஞ்சு குடுக்கறேன். ஒரு முடி அளவு கூடுனாலும் கொறஞ்சாலும் என்ற கைக்குத் தெரிஞ்சுரும். அளவு விசயத்துல என்னைய யாரும் ஏமாத்த முடியாது.

இது ஆரம்பிச்சது ரேணுகா கல்யாணத்துல. பத்து வருசம் ஆச்சு. மாப்பிள்ளை அழைப்புல பொண்ணோட அண்ணன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மண்டபத்துக்குள்ள கூட்டிட்டுப் போகணும். மாப்பிள்ளை வாசல்ல நிக்கறாரு, மேளக்காரங்க ஊதிட்டே இருக்காங்க, நான் போய்ச் சேர அரை மணி நேரம் லேட்டு. என்னன்னா, காரைக் கழுவிட்டு இருந்தனுங்க. கல்யாணத்துக்கு அழுக்கு வண்டியிலயா போறது? நல்லாத் தேய்ச்சுக் கழுவி, மெழுகு போட்டு, டயருக்குக் கறுப்பு அடிச்சு முடிக்கறதுக்குள்ள நேரமாயிருச்சு. நான் போறதுக்குள்ள லோகு மாலை போட்டுட்டான். லோகநாதன், என்ற பெரியப்பா மகன். அவனும் ரேணுகாவுக்கு அண்ணன் மொறைதான், தப்பில்ல. ஆனா கூடப் பொறந்தவன் நானிருக்கேன். கல்யாண ஆல்பத்துல மொதப் படமே லோகு பல்லைக் காட்டிட்டு நிக்கறதுதான்.

அன்னைக்கே எனக்கு ஒன்னு புரிஞ்சு போச்சுங்க. வண்டிக்கு இழுவை பத்தலை.

சிரிக்காதீங்க தம்பி. பொறுமையாக் கேளுங்க. ரேணுகாவோட மூத்தவ ஆதிராவுக்குக் காது குத்து வெச்சப்ப, மூணு மாசம் முன்னாடியே தங்கச்சி சொல்லிட்டா. "அண்ணா, இந்தத் தடவையும் நேரத்துக்கு வரலீன்னா லோகு அண்ணன் மடியில உட்கார வெச்சிருவேன். அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது"ன்னா. எனக்கு வேகாளம் வந்துருச்சு, அப்படியொரு கோவம். நேராப் பீளமேட்டுக்குப் போனேன். அங்க ஜெரால்டுன்னு ஒரு தம்பி, வண்டிக்கு வேகம் ஏத்திக் குடுக்கறாப்ல. லேப்டாப்பை எடுத்து வண்டில சொருகி, டாக்டர் மாதிரி தலையை ஆட்டிப்போட்டுச் சொன்னாப்ல. "அண்ணா, கம்பெனிக்காரன் இன்ஜினைக் கட்டிப் போட்டு அனுப்பறான். நாம அவுத்து விடறோம், அவ்வளவுதான்." அரை மணி நேரத்துல பதினெட்டுக் குதிரை சக்தி எச்சு. பதினெட்டுங்க!

வீட்டுக்கு வந்து சுகந்திகிட்டச் சொன்னேன். "பதினெட்டுக் குதிரையா? அதையெல்லாம் எங்க மாமா கட்டி வெச்சிருக்கீங்க?"ன்னா. அடுத்த வாரம் மைலேஜு பதினேழுல இருந்து பத்துக்கு எறங்கிருச்சு. "பின்ன, அத்தனை குதிரைக்கும் கொள்ளு வெக்க வேண்டாமா?"ன்னா. அவ பேச்சு அப்படித்தான். நான் கண்டுக்கறதில்ல.

அப்பறம் காத்து நல்லா உள்ள போகணும்னு ஏர் பில்டர், பொகை நல்லா வெளிய போகணும்னு சைலன்சர், பெரிய வீலு, ஒல்லி டயரு. கடைசியாத்தான் ஸ்பிரிங்கை மாத்தி வண்டியைத் தாழ எறக்குனோம். "வண்டி தரையை ஒட்டி ஓடணும்ணா, அப்பத்தான் வளைவுல நிக்கும்"னாப்ல ஜெரால்டு. இங்கிருந்து காங்கேயம் போற வரைக்கும் சொல்லிக்கற மாதிரி ஒரு வளைவு கிடையாது, வெச்சுக்கங்க. ஆனா வளைவு வந்தா நிக்கும்ங்க. எவ்வளவு ஆச்சுன்னு கேக்காதீங்க. வண்டி வாங்குன விலையில பாதி. சுகந்திகிட்டச் சொன்னது அதுல பாதி.

அடடே, காப்பி வந்துருச்சு. எடுத்துக்கங்க. சுகந்தி, இவருதான் வண்டி பாக்க வந்தவரு. ஏம்மா, நேரமாகலையா? இல்லையா? சரி சரி, பேசிட்டு வர்றேன். இன்னைக்கு ஏனோ அவசரப்படுத்தவே மாட்டேங்கறா. எப்பவும் இந்நேரத்துக்கு நாலு தடவை கத்தியிருப்பா.

விசயத்துக்கு வர்றேன். ஆதிரா காது குத்து அன்னைக்கு முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரை. பழைய வண்டியா இருந்தா ஒன்னே முக்கால் மணி நேரம் வேணும். இந்த வண்டிக்கு ஒன்னேகால் மணி நேரம் தாராளம்னு கணக்குப் போட்டேன். அப்ப ஏழே முக்காலுக்குக் கிளம்புனாப் போதும்ல? சுகந்தி ஒத்துக்கல. "நான் சீர் ஏத்தற வண்டிலயே போயிக்கறேன்"னு ஆறரைக்கே கிளம்பிட்டா. எது தெரியுங்களா? குட்டியானை. நம்ம ராக்கியப்பண்ணன் ஓட்டற சின்ன லோடு வண்டி. பட்டறைக்குச் சாமான் ஏத்தறது அதுலதான். அவருக்கு வயசு அறுபது தாண்டிருச்சு, நாப்பத்தஞ்சுக்கு மேல ஸ்பீடு முள்ளை ஏத்துனதே கிடையாது. பதினோரு தட்டுச் சீரையும் பின்னால அடுக்கிப்போட்டு, சீட்டுல பட்டுச் சேலையோட ஏறி உட்கார்ந்துட்டா.

எங்கூட வந்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். லோகுவோட அப்பா அம்மாதான். மகன் வண்டில போயிருக்கலாம். "நம்ம மணி தன் வண்டி பறக்கும்ங்கறானே, பறந்து பாக்கலாம்"னு பெரியப்பா என்ற வண்டில ஏறுனாரு. வண்டியைக் கழுவி, இன்ஜினைப் பத்து நிமிசம் சூடாக விட்டுக் கிளம்பறப்ப எட்டு. சூடாகாம மிதிக்கக் கூடாதுங்க, ஜெரால்டு சொல்லியிருக்காப்ல. அதனால எட்டு.

சூலூர் வரைக்கும் என்னா போக்கு! சீட்டோட முதுகு ஒட்டிக்கும்ங்க. பெரியம்மா கண்ணை மூடிட்டு முருகா முருகாங்குது. சூலூர்ல பெட்ரோல் முள்ளு கீழ வந்துருச்சு. இந்த வண்டிக்குச் சாதா பெட்ரோல் ஆகாது, ஒசத்திப் பெட்ரோல்தான் போடணும். மொத பங்குல இல்ல. ரெண்டாவது பங்குல இல்ல. மூணாவதுல இருந்துச்சு, ஆனா கூட்டம். அதுல ஒரு இருவத்தஞ்சு நிமிசம். அப்பவும் நான் பதறலீங்க. பல்லடம் தாண்டுனா நேர் ரோடு, விட்ட நேரத்தை எடுத்தரலாம். எடுத்தேன். நெசமாலுமே எடுத்தேன். காங்கேயத்துக்கு ஒம்பதரைக்குப் போயிட்டேன்.

அங்கிருந்து கோயிலுக்கு ஒம்பது கிலோமீட்டர் கிராமத்து ரோடுங்க. அந்த ஒம்பது கிலோமீட்டருக்குள்ள பதினாலு ஸ்பீடு பிரேக்கர். பள்ளிக்கூடத்துக்கு ஒன்னு, பால் சொசைட்டிக்கு ஒன்னு, கோயிலுக்கு ஒன்னு, அப்பறம் எதுக்குன்னே தெரியாம ஒன்னு. ஒவ்வொன்னும் வரப்பு மாதிரி நிக்குது.

மொதல்ல வந்ததுல வண்டி வயித்துல கர்ருன்னு ஒரு சத்தம். எனக்கு உசுரே போயிருச்சு. "பெரியப்பா, கொஞ்சம் எறங்கிக்கங்க, பாரம் கொறைஞ்சா ஏறிரும்"னேன். எறங்குனாங்க. வண்டியைக் குறுக்கால ஒடிச்சு, ஒரு வீலா ஏத்தி எறக்குனேன். மறுக்கா ஏறுனாங்க. இருநூறு அடி தள்ளி அடுத்தது. மறுக்கா எறங்குனாங்க. பெரியப்பாவுக்கு மூட்டு வலி. பெரியம்மா கையில வெத்தலைபாக்குத் தட்டு. பொறத்தால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கறான். ஆறாவது ஸ்பீடு பிரேக்கர்ல டீக்கடையில இருந்தவங்க கிளாஸைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு வந்து, "ரைட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க, வரட்டும் வரட்டும்"னு வழி காட்டுனாங்க. லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி.

எட்டாவதுல பெரியப்பா ஏறவே இல்ல. ரோட்டோரம் நின்னுட்டு, "மணி, இந்தக் கோயிலுக்கு நடந்தே வர்றேன்னு ரொம்ப நாள் முந்தி ஒரு வேண்டுதல் வெச்சிருந்தேன். அது இன்னைக்கு நெறவேறிரும் போல இருக்குது. நீ வண்டியை எடுத்துட்டுப் பொறத்தால மெதுவா வா"ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு... யாரு மேல கோவப்படறது? ரோடு போட்டவன் மேலதான்.

பதினாலாவதுல எல்லாம் முடிஞ்சு போச்சுங்க. பாதி ஏறுச்சு, அப்பறம் டொம்முன்னு ஒரு சத்தம். சைலன்சர் கழண்டு தொங்குது. வண்டி நடு ஸ்பீடு பிரேக்கர்ல வயித்தைக் குடுத்துப் படுத்துக்கிச்சு. முன்னால போகலை, பின்னால வரலை. சைலன்சர் போனதுல ஆக்சிலேட்டரை மிதிச்சாச் சத்தம் மட்டும் ஊரையே தூக்குது. கோயில்ல இருந்தவங்களுக்கே கேட்டுச்சாம். "மாமா வந்துட்டாரு, சத்தம் கேக்குது"ன்னு ஆதிரா கையைத் தட்டுனாளாம். மூணு வயசுக் கொழந்தை. சத்தம் போய்ச் சேந்துருச்சு, மாமன் போய்ச் சேரலை.

நான் கீழ படுத்து, கையெல்லாம் கிரீஸ். அண்ணாந்து பாத்தா எதுக்க குட்டியானை வருது. சீரை எறக்கிப்போட்டு, "எங்காவது ஸ்பீடு பிரேக்கர்லதான் நிப்பாரு, வாங்கண்ணா போய்ப் பாக்கலாம்"னு சுகந்தியே ராக்கியப்பண்ணனைக் கூட்டிட்டு வந்திருக்கா. அவங்க எட்டரைக்கே கோயிலுக்குப் போயிட்டாங்களாம். அவ எறங்கலை. திட்டவும் இல்ல. கண்ணாடி வழியாப் பாத்து, "குதிரையெல்லாம் அப்படியே நிக்கட்டும் மாமா, யாரும் திருட மாட்டாங்க. பின்னால ஏறுங்க"ன்னா. அதுக்குள்ள நடந்து வந்து சேந்த பெரியப்பாவும், பெரியம்மாவும் முன்னால அவகூட நெருக்கி உட்கார்ந்துட்டாங்க. தாய்மாமன் நான், பட்டு வேட்டியோட, லோடு வண்டி பின்னால கம்பியைப் பிடிச்சு நின்னுட்டே போனேன்.

கோயிலுக்குப் போனா மணி பத்து இருவது. மொட்டை அடிச்சு முடிஞ்சிருச்சு. லோகு மடியில. ஆதிரா தலையில சந்தனம் பூசியிருக்காங்க, வீறிட்டு அழுகறா. வலது காதுல தோடு மின்னுது. ஆசாரி இடது காதுக்குத் தோட்டைக் கையில எடுத்துட்டாரு.

ரேணுகா என்னையப் பாத்தா. நான் லோடு வண்டியில இருந்து குதிக்கறதையும் பாத்தா, கையில இருக்கற கிரீஸையும் பாத்தா. என்ன சொல்லுவாளோன்னு கையைப் பொறத்தால மறைச்சுக்கிட்டேன். "ஆசாரி, ஒரு நிமிசம் நில்லுங்க"ன்னா. "லோகு அண்ணா, கொஞ்சம் எந்திரிங்க"ன்னா. அப்பறம் என்ற பக்கம் திரும்பி, "சீர்ல ஒரு உருப்படி மட்டும் கொறையுதேன்னு எண்ணிட்டிருந்தோம். லோடு வண்டிலதான் வருதா? ஒரு காது பாக்கி இருக்குது. உட்காருண்ணா"ன்னா. சேலை முந்தியில என்ற கையைத் தொடைச்சு விட்டா. புதுப் பட்டுச் சேலைங்க அது.

கொழந்தையை மடியில வாங்குனேன். மொட்டைத் தலையை நெஞ்சுல சாச்சுக்கிட்டு விக்கி விக்கி அழுகறா. ஆசாரி குத்துனப்ப அவளோட சேந்து நானும் அழுதேன். போட்டோவுல தெளிவா விழுந்திருக்குது. வேணும்னா காட்டறேன்.

அப்படித்தானுங்க ஆச்சு. வலது காது லோகு மடியில, இடது காது என்ற மடியில. ஆதிராவுக்கு இப்ப ஆறு வயசு. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ, வர்ற ஒறம்பரை, சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவா. "இது லோகு மாமா காது. இது மணி மாமா காது." நான் வலது பக்கம் இருந்து கூப்பிட்டாத் திரும்பவே மாட்டா. "தப்பான காதுல கூப்பிடறீங்க மாமா"ம்பா. நான் சுத்திட்டு இந்தப் பக்கம் வந்து கூப்பிடணும். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ஆனா உள்ளுக்குள்ள சுருக்குன்னு ஒன்னு குத்தும்ங்க. லோகு நல்லவன்தான். அவன் வண்டி கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்குது, ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டலை. கழுவுறதுகூட தீவாளிக்குத் தீவாளிதான். ஆனா எங்க போனாலும் எனக்கு முன்னால நிக்கறான். அது எப்படின்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

எப்படிப் பாத்தாலும் அன்னைக்கு லேட்டானதுக்கு வண்டி காரணமில்ல தம்பி. நான் நல்லாக் கணக்குப் போட்டுட்டேன். பெட்ரோல் பங்குல இருவத்தஞ்சு நிமிசம், ஸ்பீடு பிரேக்கர்ல அம்பது நிமிசம். இந்த ரெண்டையும் கழிச்சுப் பாருங்க, ஒம்பது அஞ்சுக்கெல்லாம் நான் கோயில்ல நின்னிருப்பேன். வண்டி தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுச்சு. அதனாலதான் சொல்றேன், காசு போட்டதுக்குப் பலன் உண்டு. விக்கறதுகூட சுகந்தி சொன்னதுக்காகத்தான். சின்னவனுக்குக் காது குத்துன்னதும் ரேணுகா ஒரே ஒரு நிபந்தனை போட்டா. "அண்ணா, நீ குட்டியானைல வா." சரின்னுட்டேன். இன்னைக்கு ரெண்டு காதும் என்ற மடியில குத்தணும். அது ஒன்னுதான் எனக்கு வேணும். அதுக்கு மாட்டு வண்டியில வரச் சொன்னாலும் வருவேன்.

அதோ, ராக்கியப்பண்ணன் வந்துட்டாரு பாருங்க. சீரெல்லாம் ஏத்தியாச்சு. நீங்களும் வாங்களேன் தம்பி, விசேசத்தன்னைக்கு வந்துட்டு வெறுங்கையோட போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்குக் குடுத்தது போகப் பத்திரிக்கை மிச்சம் இருக்குது. இந்தாங்க. கோயில் பேரு, வழி எல்லாம் போட்டிருக்குது. ஒம்பது மணிக்கு.

என்னங்க? பத்தரையா? இல்லீங்க, ஒம்பது. எங்க காட்டுங்க.

பத்தரைன்னுதான் போட்டிருக்குது.

இருங்க, என்ற பத்திரிக்கை பிரிட்ஜு மேல இருக்குது, எடுத்துட்டு வர்றேன். ரேணுகாவே நேர்ல வந்து என்ற கையில குடுத்தது... இங்க பாருங்க. அதே புள்ளையார் படம், அதே மஞ்சள் அட்டை, அதே பேருக. ஒம்பது மணி. கட்டுல இருக்கற மத்ததெல்லாம் பத்தரை. இது ஒன்னு மட்டும் ஒம்பது. சுகந்தி! இங்க வா. இது என்ன?

என்ன சொல்றா கேட்டீங்களா? எனக்கு மட்டும் தனியா அடிச்சாங்களாம். ரேணுகா அச்சாபீஸ்ல போய் ஒரே ஒரு பத்திரிக்கை வேணும்னு கேட்டாளாம். ஒன்னு அடிச்சாலும் நூறு அடிச்சாலும் ஒரே காசுதான்னு அச்சாபீஸ்காரன் சொல்லியிருக்கான். பரவால்ல, நூறுக்கு உண்டான காசை வாங்கிக்கிட்டு ஒன்னு அடிங்கன்னுட்டாளாம். "ஜெரால்டு தம்பியைவிடச் சல்லிசுதான் மாமா"ங்கறா இவ.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. பெரியப்பாவுக்குத் தெரியும். லோகுவுக்குத் தெரியும். ராக்கியப்பண்ணன் அங்க நின்னு சிரிக்கறதைப் பாருங்க, அவருக்கும் தெரியும்.

இல்லீங்க, கோவமெல்லாம் இல்ல. ஒன்னரை மணி நேரம் எனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கா பாருங்க. கூடப் பொறந்தவன் மடிதான் வேணும்னு. லோகு மடி அங்கேயே இருக்குது, காசில்லாமக் கிடைக்குது.

சரி. அப்ப பத்தரைன்னா எட்டே முக்காலுக்குக் கிளம்புனாப் போதும். இப்ப ஏழு அடிச்சு அஞ்சு நிமிசம். நேரம் எக்கச்சக்கமா இருக்குதுங்க தம்பி. வாங்க, பானட்டைத் தொறந்து காட்டறேன். ஏர் பில்டர் ஒன்னைப் பாத்தீங்கன்னாலே வாங்கிருவீங்க. இந்தப் பக்கம் வாங்க. ஒரே நிமிசம், இந்தக் கொக்கி கொஞ்சம் இறுக்கம்...

சுகந்தி, ஏன் ஒன்னும் பேசாம நிக்கறே? நேரமாச்சுன்னு சொல்ல மாட்டியா?

மாட்டேங்கறா. வேணுங்கற நேரம் எடுத்துக்கங்கன்னு சொல்றா. இதுக்கு முன்னால அவ இப்படிச் சொன்னதே இல்லீங்க.

தம்பி, சாவியைப் பிடிங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க. பத்து நிமிசம் சூடாக விட்டு எடுங்க. பிடிச்சா வெச்சுக்கங்க, விலையைச் சுகந்திகிட்டப் பேசிக்கலாம். பிடிக்கலீன்னா பட்டறையில சாவியைக் குடுத்துருங்க. ராக்கியப்பண்ணா, வண்டியை எடுங்க. இப்பக் கிளம்புனாச் சரியாப் போயிரலாம். ஏன் அதுக்குள்ளயான்னா கேக்கறீங்க? மத்தவங்களுக்குப் பத்தரை. என்ற பத்திரிக்கையில ஒம்பதுன்னுதான் போட்டிருக்குது.